பாசியைச் சுரண்டிய நண்டு

ஒரு கடலோரத்தில், கருங்கற்பாறைகள் குவிந்து கிடந்த இடத்தில், வெடுக்கன் என்று ஒரு நண்டு இருந்தான். பெயருக்கு ஏற்ற நண்டுதான். ஒரு வேலையைச் சொல்லி முடிப்பதற்குள் அதில் பாதியைச் செய்துவிடுவான். மீதிப் பாதியைத் தப்பாகச் செய்துவிடுவான். ஆனால் மனசு நல்ல மனசு. யாராவது உதவி என்று வந்து நின்றால் இல்லை என்று சொல்ல அவனுக்குத் தெரியாது.

அவன் இருந்த குட்டையில் முப்பது மீன்கள் வாழ்ந்தன. பாறைகளுக்கு நடுவே கடல்நீர் தேங்கி உண்டான குட்டை அது. மீன்களுக்குத் தலைவன் வரியன். உடம்பில் ஐந்து கறுப்பு வரிகள் உள்ளவன். எதையும் இரண்டு தடவை யோசிக்கிறவன்.

ஓர் அமாவாசையன்று புயல் அடித்தது. அலை மணலை வாரிக்கொண்டு வந்து குட்டையில் கொட்டியது. காலையில் பார்த்தால் குட்டையே இல்லை. ஓரமாக இருந்த ஒரு பாறை இடுக்கில் மட்டும் தண்ணீர் மிஞ்சியிருந்தது. முப்பது மீன்களும் அதற்குள் செதிலோடு செதில் உரசிக்கொண்டு நின்றன. காற்று அடிக்கும்போதெல்லாம் மேலிருந்து மணல் சரசரவென்று உள்ளே சரிந்தது.

அதே புயல் இன்னொரு காரியமும் செய்திருந்தது. இடுக்குக்கு அப்பால், ஒரு கல்மேட்டைத் தாண்டி, பெரிய பாறைகளைப் புரட்டிப்போட்டுப் புதிதாக ஒரு குட்டையை உண்டாக்கியிருந்தது. பழையதைப் போல இரண்டு மடங்கு ஆழம்.

"அங்கே போய்ச் சேர்ந்தால் பிழைத்துக்கொள்வோம்," என்றான் வரியன். "ஆனால் மேட்டில் ஏற நமக்குக் கால் இல்லை. கடல் பெரிதாக ஏறி மேட்டை மூழ்கடித்தால்தான் நீந்திப் போக முடியும். வருகிற பௌர்ணமிக்கு ஒரு நாள் அப்படி ஏறும். அடுத்த அமாவாசைக்கு மூன்று நாள் ஏறும். அதற்கு மேல் இந்த இடுக்கு தாங்காது."

கூட்டத்தில் தேமலி என்று ஒரு தாய்மீன் இருந்தாள். அவளுக்குக் கருவால், செவ்வால் என்று இரண்டு பிள்ளைகள். மணல் சரியும்போதெல்லாம் இரண்டையும் தன் வயிற்றுக்குக் கீழே தள்ளிக்கொள்வாள்.

"வெடுக்கா, உனக்குக் கால் இருக்கிறதே," என்றாள் தேமலி. "நீ போய் அந்தக் குட்டையைப் பார்த்துச் சரிசெய்து வைக்கக் கூடாதா?"

"இவ்வளவுதானே! பௌர்ணமிக்குள் கண்ணாடி மாதிரி வைத்திருக்கிறேன்," என்றான் வெடுக்கன். சொல்லி முடிக்கும்போது பாதி மேட்டில் ஏறியிருந்தான்.

புதுக் குட்டை உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. தண்ணீரில் அடிவரை தெரிந்தது. கற்கள் எல்லாம் அப்போதுதான் உடைத்துப் போட்டதுபோல வெள்ளை வெளேரென்று கிடந்தன. வெடுக்கன் சந்தோஷமாக உள்ளே குதித்தான். குதித்த வேகத்தில் வெளியே வந்து விழுந்தான்.

"அம்மா! கண் எரிகிறதே!"

"எரியத்தான் செய்யும்," என்று ஒரு குரல் கேட்டது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஒரு பாறையின் ஈரமான பக்கத்தில் ஐந்து கடல் நத்தைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. பேசியவள் ஊரி என்ற நத்தை. அவளுக்கு எதிலும் அவசரம் கிடையாது.

"புயலில் செத்த சிப்பியும் புழுவும் கல்லுக்கு அடியில் அழுகிக் கிடக்கின்றன. அந்த விஷம்தான் எரிகிறது. கல்லுக்கு உயிர் வந்தால் அடங்கிவிடும்."

"கல்லுக்கு உயிரா?"

"என் பாதத்துக்குத் தெரியும், வெடுக்கா. நல்ல குட்டையில் ஒவ்வொரு கல்லிலும் ஒரு வழுவழுப்பு இருக்கும். பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்த வழுவழுப்பில் இருக்கிற ஏதோ ஒன்று தண்ணீரில் உள்ள விஷத்தைத் தின்கிறது. இந்தக் கற்களில் இன்னும் அது பிடிக்கவில்லை. இப்போதுதான் லேசாக ஆரம்பித்திருக்கிறது."

"பௌர்ணமிக்குள் பிடித்துவிடுமா?"

"அது அதன் நேரத்துக்குப் பிடிக்கும். நாம் ஒன்றும் செய்யாமல் இருந்தால் போதும்."

ஒன்றும் செய்யாமல் இருப்பது! வெடுக்கனுக்கு அதைவிடக் கஷ்டமான வேலை உலகத்தில் வேறு கிடையாது. கரையில் உட்கார்ந்து கொடுக்கைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். நாளுக்கு ஒருமுறை இடுக்குக்கு ஓடுவான், சரிந்த மணலைக் கொஞ்சம் அள்ளி வெளியே போடுவான், திரும்பி வருவான்.

ஐந்தாம் நாள் தண்ணீரில் காலை வைத்துப் பார்த்தான். எரிச்சல் குறைந்திருந்தது. ஆனால் உள்ளே பார்த்ததும் திடுக்கிட்டுப் போனான். வெள்ளைக் கற்கள் மேல் துருப் பிடித்ததுபோலப் பழுப்பாக ஒரு படலம். மணல் மேலும் அதே பழுப்பு.

"ஊரி! குட்டை கெட்டுப்போகிறது!"

"இல்லை, ஆரம்பிக்கிறது," என்றாள் ஊரி. அவளும் மற்ற நான்கு நத்தைகளும் தண்ணீருக்குள் இறங்கிப் பழுப்பை நக்கித் தின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் போன பாதை மட்டும் மெல்லிய கோடாகத் தெரிந்தது. "புதுக் குட்டையில் முதலில் வருவது இதுதான். எங்களுக்கு நல்ல சாப்பாடு. தானாக வந்தது, தானாகப் போகும். நீ கை வைக்காதே."

அப்போது மேலே இருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. பாறை உச்சியில் ஓர் ஆலாப் பறவை உட்கார்ந்திருந்தது. வெள்ளைச் சிறகு, கறுப்புத் தொப்பி வைத்ததுபோலத் தலை, ஊசி மாதிரி மூக்கு. இனிக்க இனிக்கப் பேசத் தெரிந்த பறவை அது.

"நண்டாரே, தப்பாக நினைக்காதீர்கள். இந்தக் கடற்கரை முழுவதும் பறந்து பார்த்தவன் நான். எத்தனையோ குட்டைகள் பார்த்திருக்கிறேன். இப்படி அழுக்குப் பிடித்த வீட்டுக்கா உங்கள் சிநேகிதர்களைக் கூப்பிடப் போகிறீர்கள்?"

வெடுக்கனுக்குச் சுருக்கென்றது. "இது அழுக்கு இல்லையாம். ஊரி சொல்கிறாள்."

"நத்தைக்கு அது சோறு. சோற்றை அழுக்கு என்று யாராவது சொல்வார்களா? உங்களுக்கு இவ்வளவு பெரிய கொடுக்கு எதற்கு இருக்கிறது என்று நானும் யோசித்துப் பார்க்கிறேன்."

அவ்வளவுதான். அடுத்த நிமிஷம் வெடுக்கன் தண்ணீருக்குள் இருந்தான். ஒவ்வொரு கல்லாகப் பிடித்துக் கரகரவென்று சுரண்டினான். மணலைக் கிளறிப் புரட்டினான். ஊரி கத்தியது அவன் காதில் விழவே இல்லை. இரண்டு நாள் அப்படிச் சுரண்டி, மூன்றாம் நாள் கொடுக்கு வலிக்க வலிக்க நிமிர்ந்து பார்த்தபோது கற்கள் மறுபடி வெள்ளையாக இருந்தன.

தண்ணீரோ மறுபடி எரிந்தது.

"நீ பழுப்பை மட்டும் சுரண்டவில்லை," என்றாள் ஊரி. "அதற்கு அடியில் பிடித்திருந்ததையும் சேர்த்துச் சுரண்டிவிட்டாய். முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்."

 வெடுக்கனுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் கோபமாக மாறியது. பௌர்ணமிக்கு ஒரு வாரம்தான் இருந்தது. இடுக்கில் மீன்கள் இப்போது பக்கவாட்டில் திரும்பக்கூட இடம் இல்லாமல் நின்றன. தேமலி கேட்பாள், "எப்படி இருக்கிறது, வெடுக்கா?" என்று. "கண்ணாடி," என்பான் அவன். வேறு என்ன சொல்வது?

ஒன்பதாம் நாள் பச்சை வந்தது.

இது பழுப்பைப் போல இல்லை. கல்லின் ஒரு மூலையில் தலைமுடி மாதிரி நாலு இழை முளைத்தது. வெடுக்கன் பாய்ந்து பிடுங்கினான். பிடுங்கிய இழைகள் துண்டு துண்டாக மிதந்து போயின. மறுநாள் நாலு கற்களில் பச்சை இருந்தது. அதையும் பிடுங்கினான். அடுத்த நாள் பத்துக் கற்களில் இருந்தது. பிடுங்கிப் போட்டதெல்லாம் அடியில் அழுகி நாறியது. அந்த அழுகலைத் தின்று இன்னும் கொழுகொழுவென்று வளர்ந்தது பாசி. வெடுக்கனுக்குச் சாப்பாடு மறந்தது, தூக்கம் மறந்தது. கண்ணை மூடினால் பச்சை ஆடியது.

"பாவம், எவ்வளவு கஷ்டப்படுகிறீர்கள்!" என்றது ஆலா. அது தினமும் வந்து அதே இடத்தில் உட்காரும். "நான் ஒரு யோசனை சொல்லட்டுமா? கற்களை வெளியே எடுத்து வெயிலில் போடுங்கள். இரண்டு நாள் காயட்டும். ஒரு பொட்டுப் பாசி மிஞ்சாது. பெரிய பாறைகளை மட்டும் வழித்துவிட்டால் போதும். அப்புறம் இந்த நத்தைகள். இவைதான் ஊர்ந்து ஊர்ந்து எல்லாக் கல்லுக்கும் பரப்புகின்றன. இவற்றையும் வெளியே வையுங்கள்."

வெடுக்கன் ஒரு கணம் தயங்கினான். ஒரே ஒரு கணம்தான்.

பிறகு கற்களை இழுக்க ஆரம்பித்தான். இழுக்க முடிந்ததையெல்லாம் மேட்டின் மேல் கொண்டுவந்து வெயிலில் பரப்பினான். கடைசியில் ஊரியிடம் வந்தான்.

"வெடுக்கா, வேண்டாம்," என்றாள் அவள். "நேற்று இரவிலிருந்து மறுபடி வழுவழுப்புப் பிடிக்கிறது. வெயிலில் போட்டால் செத்துவிடும். பார்க்க அழகான செத்த கற்கள்தான் உனக்கு மிஞ்சும்."

"எனக்கு நேரம் இல்லை, ஊரி!"

"நேரம் இல்லாததால்தான் சொல்கிறேன்."

அவன் அவளைப் பிய்த்து எடுத்தான். அவள் உடம்பை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள். ஐந்து நத்தைகளையும் மேட்டுக்கு அப்பால் காய்ந்த பாறையில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தான். திரும்பிப் பார்த்திருந்தால் வைத்திருக்க மாட்டான். அது அவனுக்கே தெரியும்.

பௌர்ணமியும் வந்தது. கற்களை மறுபடி உள்ளே அடுக்கியாகிவிட்டது. குட்டை பளபளவென்று இருந்தது. ஒரு இழை பச்சை இல்லை, ஒரு பொட்டுப் பழுப்பு இல்லை. "ஆகா!" என்றது ஆலா. "இப்படி ஒரு குட்டையை நான் பார்த்ததே இல்லை."

உச்சிவேளையில் கடல் ஏறத் தொடங்கியது. நுரையோடு மேட்டைத் தொட்டது, தாண்டியது, இடுக்கையும் குட்டையையும் ஒன்றாக்கியது.

"வாருங்கள், எல்லாரும் வாருங்கள்!" என்று கத்தினான் வெடுக்கன்.

வரியன் இடுக்கின் வாயிலேயே நின்றான். "முதலில் ஆறு பேர் வருகிறோம். நன்றாக இருந்தால் மற்றவர்கள் அமாவாசைக்கு வரட்டும்."

"அதுவரை இடுக்கு தாங்காவிட்டால்? என்மேல் நம்பிக்கை இல்லையா?"

"உன்மேல் இருக்கிறது. தண்ணீர்மேல் இன்னும் வரவில்லை," என்றான் வரியன்.

ஆறு மீன்கள் கிளம்பின. இடம் போதாமல் நசுங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் முதலில் போகட்டும் என்று தேமலி கருவாலையும் செவ்வாலையும் அந்த ஆறில் சேர்த்து அனுப்பினாள். "வெடுக்கன் மாமா பார்த்துக்கொள்வார்," என்றாள்.

புதிதாக வந்த கடல்நீரில் அன்றைக்கு ஒரு எரிச்சலும் இல்லை. கருவாலும் செவ்வாலும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஓட்டப் பந்தயம் வைத்தார்கள். வரியன்கூடச் சிரித்தான். வெடுக்கனுக்குப் பெருமையில் ஓடு வெடித்துவிடும்போல இருந்தது. மாலையில் கடல் இறங்கி மேடு தலைகாட்டியது. இனிப் பதினைந்து நாளைக்கு அந்தப் பாதை கிடையாது.

மூன்றாம் நாள் காலையில் வரியன் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினான்.

"வெடுக்கா... செவுள் எரிகிறது."

வெடுக்கன் தண்ணீரில் காலை வைத்தான். புயல் முடிந்த முதல் நாள் எப்படி எரிந்ததோ அப்படியே எரிந்தது. ஆறு மீன்களின் கழிவும் அதில் கலந்திருந்தது. அதைத் தின்று தீர்க்கக் கற்களில் எதுவும் உயிரோடு இல்லை. ஒரு கல்லைத் தொட்டுப் பார்த்தான். சொரசொரவென்று இருந்தது. வழுவழுப்பு எங்கேயும் இல்லை.

ஆறு மீன்களும் மூச்சுக்காக மேலே மேலே வந்தன. ஒளிந்துகொள்ள ஒரு கொத்துப் பாசிகூட இல்லை. வெள்ளைக் கல்மேல் ஒவ்வொரு மீனும் மை வைத்த புள்ளி மாதிரித் தெரிந்தது.

மேலே ஆலா சிறகை விரித்தது.

அது அம்புபோல இறங்கியது. ஒரு 'சளக்' சத்தம். மேலே போனபோது அதன் மூக்கில் கருவால் துடித்துக்கொண்டிருந்தான்.

"ஏய்!" என்று அலறினான் வெடுக்கன். அலறி முடிப்பதற்குள் மறுபடி ஒரு 'சளக்'. செவ்வாலும் போய்விட்டான்.

"இதற்காகத்தான்... இதற்காகத்தான் பாசியை எடுக்கச் சொன்னாயா?"

ஆலா பாறை உச்சியில் உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டது. "நான் பொய் சொன்னேனா, நண்டாரே? குட்டை அழகாகத்தானே இருக்கிறது. எனக்கு எல்லாமே தெரிகிறது."

மீதி நான்கு மீன்களும் அலைத்துளி தெறிக்கும் ஒரு பாறை வெடிப்பின் அடியில் போய் ஒண்டின. அங்கே மட்டும் நாளுக்கு இரண்டு முறை கடல்நீர் கொஞ்சம் சிந்தும். எரிச்சல் சற்றுக் குறைவு. ஆலா மூன்றாவது தடவை இறங்கியது. வெடுக்கன் வெடிப்பின் வாயில் ஏறி நின்று பெரிய கொடுக்கைத் தூக்கினான். மூக்கும் கொடுக்கும் மோதின. ஆலாவின் மூக்கில் ரத்தம் வந்தது. வெடுக்கனின் பெரிய கொடுக்கு அடியோடு பிய்ந்துபோய்த் தண்ணீரில் விழுந்தது.

ஆலா கொஞ்ச நேரத்துக்குப் பறந்து போனது. வெடுக்கன் வலியைப் பார்க்கவில்லை. மேட்டைத் தாண்டி ஓடினான்.

காய்ந்த பாறையில் நத்தைகளைக் காணோம்.  பாறையைச் சுற்றிச் சுற்றித் தேடினான். அடிப்பக்கத்தில், அலையின் ஈரம் படும் ஒரு பொந்தில், ஊரியின் ஓடு தெரிந்தது. பக்கத்தில் மற்ற நான்கும் இருந்தன.

"ஊரி, நான் தப்பு செய்துவிட்டேன். இரண்டு பிள்ளைகள் போய்விட்டார்கள். நான்கு பேர் மூச்சு விட முடியாமல் கிடக்கிறார்கள். என்ன செய்யட்டும்? சொல், என்ன வேண்டுமானாலும் செய்கிறேன்."

ஊரி மெதுவாகத் தலையை நீட்டினாள். அவன் இழந்த கொடுக்கின் இடத்தைப் பார்த்தாள். கோபமாக இரண்டு வார்த்தை சொல்வாள் என்று நினைத்தான். அவள் கேட்டது வேறு.

"பழைய இடுக்கில் கிடக்கும் கற்களைத் தொட்டிருக்கிறாயா?"

"வழுவழுவென்று இருக்கும்..." என்றான். சொல்லும்போதே அவனுக்குப் புரிந்தது.

"அதில் பாதியைக் கொண்டுவந்து புதுக் குட்டையில் போடு. ஒரு கல்கூடக் காயக் கூடாது. அழுக்கைத் துடைக்கக் கூடாது. எங்களையும் கொண்டுபோய் விடு. அதற்குப் பிறகு உன் கை சும்மா இருக்குமா?"

"இருக்கும்."

"பார்ப்போம்," என்றாள் ஊரி.

இடுக்கில் இருபத்து நான்கு மீன்கள் நின்றன. மணல் இன்னும் ஒரு விரல் ஏறியிருந்தது. வெடுக்கன் உள்ளே இறங்கிக் கற்களைப் புரட்டினான். ஒவ்வொரு கல்லிலும் பழுப்பும் பச்சையுமாக எத்தனை வருஷத்துப் படிவு! இதையெல்லாம் அவன் பார்த்துக்கொண்டேதான் இத்தனை நாள் வாழ்ந்தான். ஒரு நாளும் அதை அழுக்கு என்று நினைத்ததில்லை.

"வெடுக்கா," என்றாள் தேமலி. "என் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள்?"

அவன் காதில் விழாததுபோல ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினான். ஈரக் கடற்பாசியை அதன்மேல் போர்த்தி, வெயில் படாமல் மேட்டைத் தாண்டினான். திரும்பி வந்தான்.

"வெடுக்கா, கேட்டேனே."

"பிறகு சொல்கிறேன், தேமலி. கல் காய்ந்துவிடும்."

அன்று மாலைக்குள் பதினெட்டுக் கற்கள், ஐந்து நத்தைகள். ஒற்றைக் கொடுக்கால்.

அதன் பிறகு வந்த நாட்கள்தான் வெடுக்கனுக்கு மிகக் கஷ்டமான நாட்கள். ஆலா திரும்பி வந்தது. தன்னோடு இன்னும் இரண்டு ஆலாக்களைக் கூட்டிக்கொண்டு வந்தது. வெடுக்கன் வெடிப்பின் வாயிலேயே காவல் இருந்தான். உள்ளே நான்கு மீன்களும் அசையாமல் கிடந்தன. வரியனின் வரிகள் வெளுத்துப்போயிருந்தன.

நாலு நாள் ஆனது. எரிச்சல் ஒரு துளி குறைந்ததுபோல இருந்தது. அல்லது அப்படி நினைத்துக்கொண்டானோ என்னவோ.

ஆறாம் நாள் வெள்ளைக் கற்கள் மேல் பழுப்பு வந்தது.

வெடுக்கனின் சின்னக் கொடுக்கு தானாகத் திறந்தது. சுரண்டுவதற்கு அது போதும். "அசிங்கம், அசிங்கம்!" என்று மேலே மூன்று ஆலாக்களும் கத்தின. அவன் கொடுக்கை வயிற்றுக்கு அடியில் மடக்கி அதன்மேல் உட்கார்ந்துகொண்டான்.

எட்டாம் நாள் பச்சை முடி முளைத்தது. ஒரு கல்லில் ஆரம்பித்து மூன்று கல்லுக்குப் போனது. வெடுக்கன் ஊரியைப் பார்த்தான். ஊரி பழுப்பைத் தின்றுகொண்டிருந்தாள். "ஊரி, இது அடங்குமா? உண்மையைச் சொல்," என்றான்.

"அளவுக்கு மேல் போனதை நாங்கள் தின்போம். ஆனால் ஐந்து பேர்தானே இருக்கிறோம். நாள் ஆகும்."

"எத்தனை நாள்?"

"எனக்கு எண்ணத் தெரியாது, வெடுக்கா."

பத்தாம் நாள் பச்சை ஒரு சாண் நீளம் வளர்ந்து வெடிப்பின் வாயில் திரைபோல ஆடியது. ஆலா ஒன்று பாய்ந்தது. பாசிக்குள் மூக்கைக் குத்தி வெறும் பச்சையோடு மேலே போனது. மறுபடி பாய்ந்தது, மறுபடி வெறும் பச்சை. அடியில் எது மீன், எது நிழல் என்று அதற்குத் தெரியவில்லை. மறுநாள் இரண்டு ஆலாக்கள்தான் வந்தன. அதற்கு மறுநாள் ஒன்றுமே வரவில்லை.

அன்றைக்குத்தான் வரியன் முதல்முறையாக வெடிப்பை விட்டு வெளியே வந்தான். பாசிக்குள் ஒரு சுற்றுச் சுற்றினான். நீரை வாய் நிறைய இழுத்துச் செவுள் வழியாக விட்டான். வெடுக்கன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எரியவில்லை," என்றான் வரியன்.

அமாவாசைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. அந்த இரண்டு நாளும் காற்று ஓயவே இல்லை. வெடுக்கன் இடுக்குக்கும் குட்டைக்குமாக ஓடி ஓடி மணலை வாரினான். அவன் ஒரு பிடி வாரினால் காற்று இரண்டு பிடி கொட்டியது.

அமாவாசை ஏற்றம் மேட்டைத் தாண்டியதும் இருபத்து நான்கு மீன்களும் ஒரேயடியாகக் கிளம்பப் பார்த்தன. வெடுக்கன் குறுக்கே நின்றான்.

"இன்றைக்கு எட்டுப் பேர். நாளைக்கு எட்டு. நாளை மறுநாள் எட்டு."

"இடுக்கு மூடிவிடுமே!" என்று மீன்கள் கத்தின.

"மூடாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். எல்லாரும் ஒரே நாளில் வந்தால் புதுத் தண்ணீர் தாங்காது. ஒரு தடவை தாங்காமல் போனதைப் பார்த்துவிட்டேன்."

முதல் நாள் எட்டு மீன்கள் போயின. இரண்டாம் நாள் எட்டு. மூன்றாம் நாள் காலையில் இடுக்கின் மேற்பக்கம் பொலபொலவென்று உடைந்து விழுந்தது. வெடுக்கன் தன் முதுகோட்டால் முட்டுக்கொடுத்து இடுக்கின் வாய் அடைபடாமல் பிடித்தான். மணல் அவன் கண்வரை ஏறியது. கடல் ஏறி வந்து தொட்டதும் மீன்கள் ஒவ்வொன்றாக அவன் காலுக்கு இடையில் நுழைந்து வெளியே போயின. ஐந்து, ஆறு, ஏழு.

எட்டாவது தேமலி. அவள் நகரவில்லை.

"பிறகு சொல்கிறேன் என்றாய்," என்றாள்.

மணல் சரிந்துகொண்டிருந்தது.  இப்போது சொன்னால் இவள் வராமலே இருந்துவிடுவாளோ என்று பயந்தான். சொல்லாமல் கூட்டிப் போகவும் அவனால் முடியவில்லை.

"இரண்டு பேரையும் ஆலா கொண்டுபோய்விட்டது, தேமலி. ஆலாவை மட்டும் சொல்லிப் பயனில்லை. அவர்கள் ஒளிந்துகொள்ள ஒரு கொத்துப் பாசிகூட நான் வைக்கவில்லை. எல்லாவற்றையும் சுரண்டிவிட்டேன்."

 தேமலியின் வாய் திறந்து திறந்து மூடியது. மேலிருந்து ஒரு பெரிய மணல்கட்டி விழுந்து பாதி வழியை அடைத்தது.

"தேமலி, வா. என்னைத் திட்டு. அடி. வெளியே வந்து அடி."

"அந்தப் பாசி..." என்றாள் அவள். "மறுபடி வந்ததா?"

"வந்தது."

"நீ கை வைத்தாயா?"

"வைக்கவில்லை."

அவள் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவன் காலுக்கு இடையில் நுழைந்து, அவன் ஓட்டில் உரசிக்கொண்டு, வெளியே போனாள். அவனும் உடம்பை உருவிக்கொண்டு பின்னால் வந்தான். இடுக்கு மூடிக்கொண்டது.

புதுக் குட்டையில் பச்சை நீளமாக ஆடிக்கொண்டிருந்தது. தேமலி அதன் விளிம்பில் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் உள்ளே நுழைந்தாள். நுழைந்த இடத்தில் பாசி மூடிக்கொண்டது. எவ்வளவு உற்றுப் பார்த்தும் வெடுக்கனுக்கு அவளைத் தெரியவில்லை.

நீதி: கண்ணுக்கு அழுக்காகத் தெரிவதையெல்லாம் அவசரப்பட்டுச் சுரண்டுகிறவன், கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் நல்ல வேலையையும் சேர்த்துச் சுரண்டிவிடுகிறான்.